மேரி ஸ்டூவர்ட்டை எதற்காக நினைவில் வைக்க வேண்டும்: மர்மக் காதல் நாவல்களுக்கா, மெர்லின் நாவல்களுக்கா?

யாழினி எழுதியது:

இங்கிலாந்தின் சண்டர்லாண்டில் 1916இல் பிறந்து, டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர் அங்கேயே கற்பித்தவர் மேரி ஸ்டூவர்ட். 1950களின் நடுப்பகுதியிலிருந்து அவர் எழுதிய மர்மக் காதல் நாவல்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு, 1970இல் 'தி கிரிஸ்டல் கேவ்' மூலம் தொடங்கிய, ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் மந்திரவாதி மெர்லினைப் பற்றிய நாவல்களை மட்டுமே அவருடைய சாதனையாகப் பேசுவது எனக்கு ஏற்புடையதன்று.

'நைன் கோச்சஸ் வெயிட்டிங்' (1958) நாவலை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் சவாய் மலைப்பகுதியிலுள்ள ஒரு மாளிகைக்கு, ஒன்பது வயதுச் சிறுவன் பிலிப்பின் ஆசிரியையாக லிண்டா மார்ட்டின் வருகிறாள். சொத்துக்காக அச்சிறுவனைக் கொல்லச் சதி நடக்கிறது என்று ஒரு பணிப்பெண் வாயிலாக அவள் அறியும் இரவில், தான் காதலிக்கும் ராவூலுக்கும் அதில் பங்கிருக்கலாம் என்ற செய்தியும் சேர்ந்தே வருகிறது. அவனிடம் போய் அவள் விளக்கம் கேட்பதில்லை. அவன் சொல்லும் பதிலை நம்பி அவள் ஏமாந்தால், அந்த ஏமாற்றத்திற்கு உயிரை விலையாகக் கொடுக்கப்போவது தான் அல்ல, பிலிப் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே உறங்கும் சிறுவனை எழுப்பி அழைத்துக்கொண்டு, இருளில் வெளியேறுகிறாள். ராவூல் குற்றமற்றவன் என்று பின்னர் தெரியவந்தாலும், அந்த இரவில் அவள் எடுத்த முடிவு சரியானதாகவே நிற்கிறது. காதலைவிடப் பெரிய கடமை ஒன்று இருக்கிறது என்பதை, உபதேசம் ஏதுமின்றி, காதல் கதைக்குள்ளேயே சொல்லிவிட்ட அந்த அத்தியாயத்திற்கு ஈடானதை அவருடைய பிற்கால நூல்களில் நான் காணவில்லை.

செழியன் எழுதியது:

லிண்டாவைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாயகியை வைத்து எல்லா நாவல்களையும் எடைபோட முடியாது. 'மை பிரதர் மைக்கேல்' (1959) நாவலின் உச்சக்கட்டத்தில் நாயகி கமிலா குகைக்குள் ஒளிந்திருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொலைகாரனோடு போராடி வெல்பவன் சைமன். நாயகி தனியே பயணம் வருகிறாள், ஆபத்தில் சிக்குகிறாள், அறிமுகமாகிச் சில நாட்களே ஆன ஒருவனோடு வாழ்வைப் பிணைத்துக்கொள்கிறாள் என்னும் வார்ப்பு, ஊரும் பருவமும் மாறினாலும் மாறுவதில்லை.

மெர்லின் நாவல்களில்தான் அந்த வார்ப்பு உடைகிறது. தந்தை யாரென்று அறியாத சிறுவனாக வளரும் மெர்லின் கணிதமும் பொறியியலும் கற்கிறான். பழைய கதைகளில் மந்திரத்தால் அயர்லாந்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும், ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் பெருங்கல், இங்கே அவனுடைய பொறியியல் அறிவால் நகர்கிறது. மந்திரம் என்ற பேச்சு மக்களிடையே பிறகு பரவுகிறது. ஒரு தொன்மம் எப்படிப் பிறக்கிறது என்பதையே கதையாக்கிய துணிவு அது. அவருடைய பெயர் நிலைப்பதற்கு அதுவே போதும்.

மதிவாணன் எழுதியது:

கமிலாவின் நாவலைக் குறிப்பிட்டதால் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்நாவலின் வேர் இரண்டாம் உலகப் போர்க்கால கிரேக்கத்தில் இருக்கிறது. சைமனின் அண்ணனைக் கொன்றவன், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய இடதுசாரிப் படையைச் சேர்ந்தவன். ஜெர்மானியரை எதிர்ப்பதற்காக வந்த ஆயுதத்தையும் தங்கத்தையும் பதுக்கி வைத்தவன். கிரேக்க உள்நாட்டுப் போர் முடிந்து பத்தே ஆண்டுகளில் வெளிவந்த நூல் இது. அந்நாட்டையே இரண்டாகப் பிளந்த ஒரு பூசலில், ஒரு தரப்பின் முகமாக நம் முன் பெரிதாக நிறுத்தப்படுபவன் ஒரு கொடியவன் என்பது எனக்கு உறுத்துகிறது. கதை நிகழும் டெல்ஃபியின் பாறைகளையும் ஒளியையும் அவ்வளவு அன்போடு எழுதியவர், அம்மக்களின் அரசியலுக்கும் அதே பொறுமையைக் கொடுத்திருக்கலாம்.

யாழினி எழுதியது:

மதிவாணன் அவர்களின் கருத்து நியாயமானது. அந்நாவல் ஓர் ஆங்கிலேயரின் துயரத்தின் வழியாகவே கிரேக்கத்தைப் பார்க்கிறது. ஆயினும் அதே நாவலில் ஸ்டெஃபானோஸ் என்ற முதிய மேய்ப்பர் வருகிறார். அந்த மலையையும் அங்கே நடந்த மரணத்தையும் நினைவில் சுமப்பவர் அவரே. அவரை வெறும் அலங்காரமாக என்னால் வாசிக்க முடியவில்லை.

செழியன் அவர்களுக்கு: வார்ப்பு என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி பதிப்பாளர்கள் ஏற்படுத்திய தோற்றம். 1960களில் அமெரிக்க மலிவுப் பதிப்புகளில் பரவிய அட்டைப்படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: இருண்ட மாளிகை, ஒரே சாளரத்தில் விளக்கு, ஓடும் பெண். அந்த அட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எல்லா நாயகிகளும் ஒருத்தியாகத்தான் தெரிவார்கள். ஸ்டூவர்ட் எழுதிய முதல் நாவலின் நாயகி சாரிட்டி, போரில் இறந்த கணவன் கற்றுத்தந்தபடி, பிரான்சின் தென்பகுதிச் சாலைகளில் துரத்தி வருபவனுக்கு ஈடுகொடுத்துக் காரோட்டுகிறாள். அவளையும் குகைக்குள் ஒளிந்த கமிலாவையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

செழியன் எழுதியது:

அட்டைக்கு ஆசிரியர் பொறுப்பல்லர் என்பதை ஏற்கிறேன். ஆனால் 'தி ஐவி ட்ரீ' (1961) நாவலுக்கு அவர்தான் பொறுப்பு. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. காணாமற்போன வாரிசு அன்னபெல்லாக நடிக்க ஒப்புக்கொள்ளும் பெண், உண்மையில் அன்னபெல்லேதான். 'நான்' என்று கதை சொல்பவளே இதை நம்மிடமிருந்து நெடுந்தொலைவு மறைப்பது, வாசகரின் நம்பிக்கையோடு விளையாடுவதாகும்.

யாழினி எழுதியது:

இரண்டாம் முறை படித்துப் பாருங்கள். அவள் பொய் சொல்வது பிற பாத்திரங்களிடம். நம்மிடம் சொல்லும் வாக்கியங்கள் முதல் வாசிப்பில் ஒரு பொருளும், மறுவாசிப்பில் வேறொரு பொருளும் தந்து, இரு முறையும் உண்மையாகவே நிற்கின்றன. 'நான்' என்று சொல்லிக்கொண்டே எதை எப்போது வெளிப்படுத்துவது என்ற இந்தப் பயிற்சியை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் செய்திராவிட்டால், மெர்லினின் தன்கூற்றை அவர் எழுதியிருக்க முடியாது என்பதே என் வாதம்.

செழியன் எழுதியது:

பயிற்சி அங்கே கிடைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதுமையில் நினைவுகூரும் மெர்லின், தன் தந்தை யார் என்பதை அக்காலத்தில் தான் அறிந்துகொண்ட வேகத்திலேயே நமக்கும் அறியத் தருகிறான். அன்னபெல்லுக்கோ முதல் பக்கத்திலிருந்தே தான் யாரென்று தெரியும். ஒருவன் நம்மோடு சேர்ந்து தேடுகிறான். மற்றவள் நம்மைத் தேடவிடுகிறாள். நான் மறுபடி மறுபடி கையில் எடுப்பது முதல் வகை நூலைத்தான்.