2024-இல் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி முதலிடத்தைக் காத்தது எப்படி?

கேள்வி:
யமமோட்டோ, கிளாஸ்னோ, கெர்ஷா ஆகிய முன்னணிப் பந்தெறியாளர்கள் காயத்தால் நெடுநாள் விலகியிருந்தும், ஜூன் 16 அன்று முன்னணி மட்டையாளர் மூக்கி பெட்ஸின் கை எலும்பு முறிந்தும், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி அமெரிக்கப் பேஸ்பாலின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான தேசிய லீகின் மேற்குப் பிரிவில் முதலிடத்தை இழக்கவில்லை. நட்சத்திர ஆட்டக்காரர் ஷோஹெய் ஓட்டானியின் மட்டை ஒன்றே காரணமா?

மறுமொழி 1:
ஓட்டானியின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. பெட்ஸ் விலகியதும் அணியின் முதல் மட்டையாளராக இறங்கிய அவர், அந்தப் பருவத்தில் 54 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அடித்துப் பெறும் ஓட்டம்) அடித்து, 59 தளங்களைத் திருடினார் (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்தார்). ஆயினும் ஜூலை இறுதியில் பந்தெறியாளர்கள் ஜாக் ஃபிளாஹெர்டியையும் மைக்கேல் கோபெக்கையும், பல இடங்களில் ஆடக்கூடிய டாமி எட்மனையும் நிர்வாகம் பிற அணிகளிடமிருந்து பெற்றதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். இதில் வேடிக்கை, எட்மன் வரும்போதே காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்தார்.

மறுமொழி 2:
உடன்படுகிறேன். ஆனால் முதலிடம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. செப்டம்பர் 24 அன்று அதே பிரிவில் இரண்டாமிடத்தில் இருந்த சான் டியாகோ பாட்ரெஸ் ஒரே பந்தில் மூவரை வெளியேற்றி ஆட்டத்தை முடித்தபோது, முன்னிலை இரண்டு ஆட்டங்களாகச் சுருங்கியது. அடுத்த இரண்டையும் வென்ற டாட்ஜர்ஸ், 26-ஆம் தேதி 7-2 என்ற வெற்றியுடன் பிரிவைக் கைப்பற்றியது.

மறுமொழி 3:
ஆட்டத்தின் இடையில் வந்து வீசும் மாற்றுப் பந்தெறியாளர்களை மறந்துவிட்டீர்கள். தொடக்கப் பந்தெறியாளர்கள் இல்லாத குறையைப் பருவம் முழுவதும் சுமந்தவர்கள் அவர்களே. அக்டோபர் 9 அன்று பாட்ரெஸுக்கு எதிராக, வழக்கமான பருவத்துக்குப் பிந்தைய சுற்று ஆட்டத்தில், எட்டுப் பேர் மாறி மாறி வீசி ஓர் ஓட்டமும் கொடுக்காமல் 8-0 என வென்றார்கள்.