வார இறுதி வேலை திங்கள் காலைவரை இழுப்பது ஏன்? லண்டன் ட்யூபும் நம்ம காவ்ட்ரெய்னும்

சாண்ட்டன்_புதுசு:

வணக்கம். ரயில் பாதை வேலை தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருப்பதால் கேட்கிறேன். அடுத்த மாதம் முதல் மூன்று மாதம் லண்டனில் வேலை. போக வர ட்யூப்தான், அதாவது லண்டன் சுரங்க ரயில். சனி, ஞாயிறு லைனை மூடி வேலை செய்கிறார்கள், சரி. ஆனால் சில திங்கட்கிழமை காலையில் "பராமரிப்பு வேலை நேரம் தாண்டிவிட்டது, ரயில் இல்லை" என்று அறிவிப்பு வருகிறதே, அதுதான் புரியவில்லை. இரண்டு நாள் முழுசாகக் கையில் இருந்தும் ஏன் முடியவில்லை? முடியாது என்று ஞாயிறு மத்தியானமே தெரியாதா? முக்கால்வாசி முடிந்திருந்தால் மெதுவாகவாவது ஓட்டக் கூடாதா? ஜோபர்க், பிரிட்டோரியா நடுவே ஓடும் நம்ம காவ்ட்ரெய்ன் சுரங்கத்திலும் இப்படி ஆக வாய்ப்பு உண்டா?

—

ஜல்லியும்_கட்டையும்:

தம்பி, இரண்டு நாள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் கணக்கு. வெள்ளி இரவு கடைசி ரயில் போனதும், சனி அதிகாலை 1 மணிக்குப் பாதை கைக்கு வருகிறது, திங்கள் காலை 5 மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வை. 52 மணி நேரம். ஊரில் இதை லைன் பிளாக் என்போம், இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆக்குபேஷன், இங்கிலாந்தில் பொசெஷன். பெயர்தான் வேறு.

இந்த 52-ல் முன்னாலும் பின்னாலும் கடித்துவிடுவார்கள். ட்யூபில் ஓடுவது நான்கு தண்டவாளம்: இரண்டில் சக்கரம், ஓரத்து மூன்றாவதில் பிளஸ் 420 வோல்ட், நடுவிலிருக்கும் நான்காவதில் மைனஸ் 210. மொத்தம் 630 வோல்ட் நேர்மின்சாரம். சில லைன்களில் இப்போது 750. கரன்ட் நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதற்கு உறுதி வாங்கி, பாதையில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, தப்பித்தவறிக் கரன்ட் வந்தாலும் ஆளைத் தாக்காமலிருக்க இரண்டு முனையிலும் ஷார்ட் பண்ணும் பட்டையைப் போட்ட பிறகுதான் முதல் ஆள் தண்டவாளத்தில் கால் வைக்கலாம். முடிக்கும்போது இதே படிகள் தலைகீழாக. அதோடு எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்ற எண்ணிக்கை, கருவி எண்ணிக்கை, பாதை முழுக்க நடந்து பார்ப்பது. ஒரு குழுவின் பொறுப்பாளர் கையெழுத்துப் போடாவிட்டால் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். நிஜமாக வேலை செய்யக் கிடைப்பது 45, 46 மணி நேரம் இருந்தால் அதிர்ஷ்டம்.

அடுத்தது இடம். ஆழமான ட்யூப் சுரங்கத்தின் விட்டம் சுமார் மூன்றரை மீட்டர். சாமான் வண்டி ஒன்று நின்றால் அதைத் தாண்டி இன்னொன்று போகாது. உடைத்த கான்கிரீட்டை ஏற்றிய வண்டி உள்ளே, புதுத் தண்டவாளம் கொண்டுவந்த வண்டி அதற்குப் பின்னால் என்றால், பின்னால் நிற்பது நகர்ந்தால்தான் முன்னால் நிற்பது வெளியே வரும். ஒரு வண்டிக்கு பிரேக் பிடித்துக்கொண்டால் வரிசை முழுக்க நிற்கும். மேலே திறந்தவெளிப் பாதையில் கிரேனை அடுத்த லைனில் நிறுத்திச் சமாளிப்பார்கள், கீழே அந்த வழியே கிடையாது.

இனி, கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும் வேலையைச் சொல்கிறேன்: வெல்டிங். தெர்மிட் வெல்டுக்கு, அதாவது ஒரு கலவையை எரித்து உருகிய எஃகை ஊற்றி ஒட்டுவதற்கு, இரண்டு தண்டவாள முனைக்கும் நடுவே ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் இடைவெளி விடணும். நேர்க்கோட்டில் பிடித்து, அச்சு கட்டி, ஈரமணலால் ஓட்டை அடைத்து, முன்சூடு கொடுத்து, மூசையில் (உருக்கும் பாத்திரம்) இருக்கும் கலவையைப் பற்றவைத்தால் உருகிய எஃகு இறங்க அரை நிமிடம்கூட ஆகாது. அதற்கப்புறம்தான் பொறுமை. சில நிமிடம் விட்டு அச்சை உடைத்து, புடைத்திருப்பதை வெட்டி, அரைத்து, சுமார் 350 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறும்வரை அதன் மேல் எதையும் ஓட்டக்கூடாது. ஒரு வெல்டுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

அது பரிசோதனையில் தேறவில்லை என்று வை. அச்சில் ஈரம் இருந்தது, முன்சூடு பத்தவில்லை, இடைவெளி தப்பு, ஏதோ ஒன்று. அந்த வெல்டை மட்டும் சுரண்டி மறுபடி ஊற்ற முடியாது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் அறுத்து, நாலரை மீட்டருக்குக் குறையாத ஒரு துண்டைச் செருகணும். துண்டுக்கு இரண்டு முனை. கெட்டது ஒரு வெல்ட், போட வேண்டியது இரண்டு! ஞாயிறு இரவு 11 மணிக்கு இது நடந்தால் சமாளிக்கலாம். திங்கள் அதிகாலை 3 மணிக்கு நடந்தால் நீ நடைமேடையில் நின்று திட்டுவாய்.

—

சிவப்பு_விளக்கு:

அண்ணன் தண்டவாளத்தோடு நிறுத்திவிட்டார். பாதை ஆட்கள் கடைசி நேரம்வரை இழுத்துவிட்டுப் போவார்கள், மிச்சத்தில் முடிக்கச் சொல்லி எங்கள் தலையில் கட்டுவார்கள். அது பழைய சண்டை, இங்கே வேண்டாம்.

பாயிண்டை, அதாவது ரயில் ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பும் இடத்தின் அமைப்பை, மாற்றினால் சிக்னல் சோதனையைக் கடைசியில்தான் செய்ய முடியும், ஏனென்றால் தண்டவாளம் அதன் இடத்தில் உட்கார்ந்து, ஜல்லியோ கான்கிரீட்டோ இறுகிய பிறகுதான் பாயிண்ட் மோட்டாரைச் சரிசெய்ய முடியும். பிரிட்டிஷ் பிரதான ரயில்பாதை முறையில் ஒரு சோதனை இருக்கிறது. பாயிண்டில் நகரும் நாக்குத் தண்டவாளத்துக்கும் நகராத நிலைத் தண்டவாளத்துக்கும் நடுவே 1.5 மில்லிமீட்டர் தகடு வைத்தால் பூட்டு விழணும். 3.5 மில்லிமீட்டர் தகடு வைத்தால் விழவே கூடாது. விழுந்தால் ஆபத்து, சக்கரம் அந்த இடுக்கில் ஏறும். சரிசெய்து, திரும்ப வைத்து, இரண்டு திசைக்கும் பார்க்கணும். அதன் பிறகு கட்டுப்பாட்டு அறையில் ஒருவர், பாயிண்ட் பக்கத்தில் ஒருவர், போனில்: "நார்மலா?" "நார்மல்." "ரிவர்ஸா?" "ரிவர்ஸ்." திரையில் தெரிவதும் தரையில் கிடப்பதும் ஒன்றுதானா என்று ஒவ்வொன்றாக. இதில் அவசரப்படுத்த ஒன்றுமில்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டால் 12 டிசம்பர் 1988, கிளாபம் ஜங்ஷன். திங்கட்கிழமை காலை, 35 பேர் இறந்தார்கள். இரண்டு வாரம் முன்னால் ஞாயிற்றுக்கிழமை புது வயரிங் போட்டபோது ஒரு பழைய ஒயரை ஒரு முனையில் மட்டும் கழற்றி, வெட்டாமல், முனையை மூடாமல் விட்டிருந்தார்கள். விபத்துக்கு முந்தின ஞாயிறு அதே அறையில் வேறு வேலை நடந்தபோது அது அசைந்து பழைய இடத்தைத் தொட்டது. சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் காட்டவில்லை. அந்த டெக்னீஷியன் 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார் என்று விசாரணையில் வந்தது. போட்டவரே தன் வேலையைச் சோதித்துக் கையெழுத்துப் போடக்கூடாது, இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒருவர் வேலை செய்யக்கூடாது என்ற விதிகள் இறுகியது அதற்குப் பின்னால்தான். ஆகவே சோதிக்கிற ஆளின் ஷிஃப்ட் நேரம் முடிந்துவிட்டால், "இன்னும் அரை மணி நேரம் இருங்களேன்" என்று கெஞ்ச முடியாது. மாற்று ஆள் வரும்வரை ரயில் காத்திருக்கும்.

—

சாண்ட்டன்_புதுசு:

ரெண்டு பேருக்கும் நன்றி. வெல்ட் தேறாவிட்டால் தற்காலிகமாக ஏதாவது கட்டி மெதுவாக ஓட்ட முடியாதா அண்ணா?

—

ஜல்லியும்_கட்டையும்:

முடியும், செய்வார்கள். பிளவுக்கு இரு பக்கமும் ஃபிஷ்பிளேட் (இணைப்புத் தகடு) வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, வேகக்கட்டுப்பாடு போட்டு ஓட்டுவது உண்டு. நம்ம ஊர்க்காரர் பாஷையில் "காஷன் போட்டு ஃபிட் கொடுப்பது". ஆனால் அது நேரான பாதையில் ஒரு மூட்டுக்கு. பாயிண்டின் நடுவில், சிக்னல் கோளாறில், இறுகாத கான்கிரீட்டில் காஷன் எடுபடாது. ரயில் மெதுவாகப் போனால் இறுகாத கான்கிரீட்டுக்கு எடை குறைந்துவிடுமா என்ன?

கான்கிரீட் என்றதும் ஞாபகம். ஆழ்சுரங்கத்தில் பல இடங்களில் ஜல்லியே கிடையாது, தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகள் கான்கிரீட்டில் புதைந்திருக்கும். பழையதை உடைத்து, விரைவில் இறுகும் கலவை ஊற்றி, அதே தொகுதியில் எடுத்த மாதிரிக் கட்டியை அழுத்திப் பார்த்து, வேண்டிய வலு வந்தால்தான் வண்டி. கலவையில் தண்ணீர் கூடினால் இறுக நேரமாகும். வேகமாக இறுகினாலும் வம்புதான்: 23 ஜனவரி 2014 அன்று விக்டோரியா ஸ்டேஷன் விரிவாக்க வேலையில் ஊற்றிய விரைவுக் கான்கிரீட் கசிந்து சிக்னல் அறைக்குள் நிரம்பி, விக்டோரியா லைனின் தெற்குப் பாதி நின்றுபோனது. இறுகாமல் தடுக்க ஆட்கள் கடைக்கு ஓடி மூட்டை மூட்டையாகச் சர்க்கரை வாங்கி வந்து கொட்டினார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, சர்க்கரை சிமென்டின் இறுகலைத் தள்ளிப்போடும். கொத்தனார் யாரையாவது கேட்டுப் பார்.

—

கணக்குப்பிள்ளை_பிரிட்டோரியா:

எல்லோரும் கெட்டுப்போனதைச் சொல்கிறீர்கள். நான் திட்டம் போடுகிறவன் பக்கத்திலிருந்து பேசுகிறேன், ஏனென்றால் முக்கால்வாசித் தப்பு அங்கேதான்.

ஒரு இடத்து வேலை நேரத்துக்குள் முடிய 90 சதவீத வாய்ப்பு என்று கணக்குக் காட்டினால் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதே வார இறுதியில் அந்த மாதிரி ஏழு இடத்தில் வேலை நடந்தால்? 0.9-ஐ ஏழு முறை பெருக்குங்கள், 0.48. அதாவது ஏதாவது ஓரிடத்தில் இழுக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு. தலைப்புச் செய்தி ஆக ஓரிடம் போதும்.

தம்பி கேட்ட "ஞாயிறு மத்தியானமே தெரியாதா" என்பதற்குப் பதில்: அதைவிட முன்னாலேயே தெரிய வேண்டும். முடிவெடுக்கும் மணி என்று திட்டத்தில் குறிப்பார்கள். முதல் தண்டவாளத்தை அறுப்பதற்கு முன்னால் வருவது ரொம்ப முக்கியம். அதுவரை எப்போது வேண்டுமானாலும் கைவிட்டு வீட்டுக்குப் போகலாம், திங்கள் ரயில் ஓடும். அறுத்த பிறகு திரும்பும் வழி இல்லை, முன்னால் போய் முடித்தே ஆகணும். சனி காலை 6 மணிக்கு அறுத்திருக்க வேண்டியது 10 மணிக்கும் அறுபடவில்லை என்றால், அங்கேயே நிறுத்துகிறவன் நல்ல மேலாளர். ஆனால் ஆறு மாதம் முன்பே லைன் மூட அனுமதி வாங்கி, சாமான் வந்து, இருநூறு பேர் கையில் மண்வெட்டியோடு நிற்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. "பிடித்துவிடலாம்" என்பார்கள். நாலு மணி நேரத்தைப் பிடித்துக் காட்டியவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

27 டிசம்பர் 2014 லண்டன் கிங்ஸ் கிராஸ் இதற்குப் பாடம் (அது ட்யூப் இல்லை, மேல்பாதை). பக்கத்து ஹாலோவேயில் நடந்த வேலைக்குப் புதிதாக வாங்கிய பிடிகருவிகளைக் கொண்டுவந்தார்கள், அவை வேலை ஆரம்பித்ததுமே பழுதாகின. அதனால் கழிவு ஏற்றுவது தாமதம், தாமதத்தால் சாமான் ரயில் ஓட்டுநர்களின் பணி நேரம் தீர்ந்துபோனது, அதனால் மேலும் தாமதம். கிங்ஸ் கிராஸ் நாள் முழுக்க மூடல், பயணிகள் எல்லோரும் சின்ன ஃபின்ஸ்பரி பார்க் ஸ்டேஷனில் முட்டி மோதினார்கள். புதுக் கருவியை முதல்முதலாகப் பெரிய வேலையில் இறக்காதே, சாதாரண இரவில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவா. இதைச் சொல்ல என்ஜினியர் வேண்டுமா?

—

சிவப்பு_விளக்கு:

இதில் கணக்குப்பிள்ளையோடு ஒத்துப்போகிறேன். தம்பியின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், காவ்ட்ரெய்ன். மொத்தம் 80 கிலோமீட்டர், பத்து ஸ்டேஷன். ஜோபர்க் பார்க் ஸ்டேஷனிலிருந்து மார்ல்பரோ சுரங்க வாய்வரை சுமார் 15 கிலோமீட்டர் நிலத்தடியில். இரவு முழுக்க ரயில் கிடையாது என்பதால் தினமும் பராமரிப்புக்கு நல்ல இடைவெளி கிடைக்கிறது. ட்யூபில் ஐந்து லைன்களில் வெள்ளி, சனி இரவு முழுக்க ரயில் ஓடுகிறது, மற்ற இரவுகளிலும் மூன்று நான்கு மணி நேரம்தான். அந்த வகையில் நமக்கு யோகம்.

ஆனால் இங்கே வேறு சிக்கல்கள். காவ்ட்ரெய்னில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1435 மில்லிமீட்டர், நாட்டின் மற்ற ரயில்பாதை ஏறக்குறைய எல்லாம் 1067. ஜல்லி இடிக்கும் டாம்பிங் மெஷின் ஒன்று பழுதானால் பக்கத்து ரயில்வேயிடம் கடன் கேட்க முடியாது, சக்கரமே பொருந்தாது. டிப்போ மிட்ராண்டில். சாமான் வண்டி அங்கிருந்து மார்ல்பரோ வழியாக உள்ளே போகணும், பார்க் முனை முட்டுச்சந்து. முதலில் உள்ளே போனது கடைசியில்தான் வெளியே வரும். மின்சாரம் மேலே கம்பியில் 25 கிலோவோல்ட், அதனால் எர்த் கம்பி மாட்டாமல் அருகில்கூடப் போக முடியாது. ரோஸ்பேங்க், பார்க் நடுவே தரையே ஈரம். அந்தப் பகுதி திறக்க 7 ஜூன் 2012 ஆனதே சுரங்கத்துக்குள் தண்ணீர் கசிந்ததால்தான். கசிவு இருக்கும் இடத்தில் கான்கிரீட் ஊற்றுவதும் வெல்ட் அச்சைக் காயவைப்பதும் எவ்வளவு தொல்லை என்று அண்ணன் சொல்வார்.

—

லெனேசியா_அக்கா:

எல்லாரும் பாடம் எடுத்துவிட்டீர்கள், தம்பி திங்கட்கிழமை என்ன செய்யணும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே.

ஞாயிறு இரவு படுக்கும் முன்னும் காலை 5 மணிக்கும் லண்டன் போக்குவரத்து அறிவிப்பைப் பாருங்கள். உங்கள் லைனில் அந்த வார இறுதி மூடல் இருந்திருந்தால் முதல் ரயிலை நம்பி மீட்டிங் வைக்காதீர்கள். "6 மணிக்குத் திறக்கும்" என்று அறிவித்தால் எப்போது என்றே தெரியாத நம்ம ஊர் "ஜஸ்ட் நவ்" மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதை திறந்ததும் கூட்டம் தீராது. ரயில்கள் தப்பான டிப்போவில் நிற்கும், டிரைவர்கள் தப்பான ஸ்டேஷனில் நிற்பார்கள். எல்லாம் அட்டவணைக்கு வர இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதனால் திறந்த செய்தி கேட்டதும் ஓடாதீர்கள். மூடலுக்கு விட்ட மாற்றுப் பஸ்கள் ஞாயிறு இரவோடு போயிருக்கும், திங்கள் இருக்காது. சாதாரணப் பஸ் ஏறுங்கள், முதல் ஏற்றத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம். குறுக்கே போகும் வேறு லைன் எது என்று முந்தின ஞாயிறே ஒரு தடவை போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ட்யூபில் 15 நிமிடத்துக்கு மேல் தாமதமாகி, காரணம் அவர்கள் கையில் இருந்தது என்றால் கட்டணம் திரும்பக் கேட்கலாம். முன்கூட்டியே அறிவித்த மூடலுக்குக் கிடைக்காது, இழுத்துப்போன நேரத்துக்குக் கேட்டுப் பாருங்கள். எந்த ஸ்டேஷன், எத்தனை மணி என்று போனில் குறித்து வையுங்கள், மாலைக்குள் மறந்துபோகும்.

ஜோபர்க்கில் என்றாவது ரோஸ்பேங்க், பார்க் நடுவே ரயில் நின்றால் மினிபஸ் டாக்சிதான் கதி. டவுனுக்குப் போகும் டாக்சியை நிறுத்த ஆள்காட்டி விரலை மேலே காட்டணும், கீழே காட்டிவிடாதீர்கள்.

—

சாண்ட்டன்_புதுசு:

விரல் விஷயம் தெரியாது அக்கா, நன்றி! எல்லோருக்கும் நன்றி.