குச்சிப்பூச்சி தோல் உரிக்கிறப்போ கீழ விழுந்துடுச்சு, பொழைக்குமா? கொய்யா இலை மட்டும் போதுமா?

கவி_பினாங்கு:
வணக்கம் எல்லாருக்கும். நாங்க பாயான் லெப்பாஸ்ல ஃப்ளாட்ல இருக்கோம். என் மகனுக்குப் பூச்சின்னா உயிர், சொந்தக்காரங்க ஒருத்தர் வீட்டுல வளத்த குச்சிப்பூச்சி குஞ்சுங்க கொஞ்சம் குடுத்தாங்க. நம்ம ஊரு காட்டு வகைதான், உடம்பு முழுக்க முள்ளு, ஒன்னு மட்டும் பச்சையா மாறிக்கிட்டு வருது, மத்ததெல்லாம் மரப்பட்டை கலர். மூடில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாலதான் வச்சிருக்கோம், கொய்யா இலை போடுறோம். நேத்து ராத்திரி ஒன்னு தோல் உரிக்கிறப்போ பொத்துன்னு விழுந்துடுச்சு, இப்போ பின்னங்கால் வளைஞ்சு போய் நடக்கவே முடியல, பையன் அழுதுகிட்டே இருக்கான். அது பொழைக்குமா? கொய்யா தவிர வேற என்ன குடுக்கலாம்? கீழ்வீட்டு மரத்த வேற வெட்டப் போறாங்களாம். தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

தெலோக்பஹாங்_ரவி:
சிஸ்டர், நீங்க சொல்றத வச்சுப் பாத்தா அது ஹெட்டரோப்டெரிக்ஸ் டைலடாட்டாங்குற வகை. பச்சையா மாறுறது பொண்ணு, பெருசானா உள்ளங்கைய விட நீளமா வரும், எடை 50 கிராம் தாண்டும், உலகத்துலயே ரொம்ப கனமான பூச்சிகள்ல ஒன்னு. ஆணு சின்னதா பழுப்பாவே இருக்கும், அதுக்குப் பறக்க றெக்கை உண்டு, பொண்ணுக்கு இருக்குற குட்டி றெக்கை பறக்க ஆகாது.

பிரச்சன இலைல இல்ல, டப்பாலதான். இது தோல் உரிக்கிறப்போ மேல எதையாச்சும் புடிச்சுக்கிட்டு தலைகீழா தொங்கும், முதுகுப் பக்கம் தோல் வெடிக்கும், அப்புறம் மெதுவா கீழ்நோக்கி வழுக்கி வெளிய வரும். அப்ப கீழ எடம் இல்லன்னா தரை இடிக்கும், பிளாஸ்டிக் மூடி வழவழன்னு இருந்தா புடி நழுவும், உடம்பு பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்குற நேரம், விழுந்தா வளைஞ்சபடியே காஞ்சு போயிடும். அதனால கூண்டு உயரம் பூச்சி நீளத்துக்கு மூணு மடங்காவது வேணும், மேல் பக்கம் வலை இருக்கணும். பாசார்ல விக்கிற துணி கூடை, ஜிப் வச்ச வலைக் கூடு எது வேணா போதும். உரிக்கிறதுக்கு முன்னாடி அது சாப்பிடாது, ஒரே எடத்துல அசையாம இருக்கும். பையன்கிட்ட சொல்லி வைங்க, அந்த நேரம் கூண்டத் தொடவே வேணாம். தோல் ஒட்டிக்கிட்டு இருந்தா கூட இழுக்காதீங்க. உரிச்ச தோல அதுவே தின்னும், எடுத்துப் போடாதீங்க.

விழுந்தது பொழைக்க வாய்ப்பு இருக்கு. தானா நடந்து இலைகிட்ட போக முடியலன்னா இலைய வாய்கிட்ட கொண்டு போய் வைங்க. குஞ்சா இருக்குறதால கால் போனாலும் அடுத்தடுத்து உரிக்கிறப்போ சின்னதா திரும்ப முளைக்கும். பெருசான பிறகு உரிக்காது, அப்ப போனா போனதுதான்.

இலைக்கு ரோஜா இலையும் தின்னும், ஆனா நர்சரில வாங்குன செடி வேணாம், மருந்து அடிச்சிருப்பாங்க. கேமரன் மலைப் பக்கம் போனீங்கன்னா காட்டு ராஸ்பெர்ரி இலையும் நல்லது.

ஜார்ஜ்டவுன்_மணியம்:
ரவி தம்பி சொன்னது சரி. இன்னொன்னு நான் சேத்துக்கிறேன். நம்ம நாட்டுல சில சீனக் குடும்பங்க பெரிய குச்சிப்பூச்சிகள கொய்யா இலை போட்டே வளத்து, அதோட எச்சத்த காயவச்சு வயித்துக் கோளாறு, மூச்சிழுப்புக்கெல்லாம் டீ மாதிரி போட்டுக் குடிச்சாங்க. அதனால கொய்யாவ நம்பலாம்மா, மரம் வெட்டுனா விதை போட்டு வளத்துக்குங்க, பால்கனி தொட்டில கூட வரும். தீனிக்கு வெட்டுன கெளைய வாய் குறுகுன பாட்டில் தண்ணில வைங்க, பாட்டில் வாய பஞ்சு வச்சு அடைச்சிடுங்க, இல்லன்னா குஞ்சுங்க தண்ணிக்குள்ள எறங்கிச் செத்துடும்.

குஞ்சுங்க முத்துன இலையோட ஓரத்த கடிக்கத் திணறும், கத்திரியால ஓரத்த வெட்டி விட்டா அந்த வெட்டுல ஆரம்பிச்சுக்கும்.

நம்ம பினாங்கு காத்துக்கு தண்ணி அதிகம் அடிக்க வேணாம், பூஞ்ச வந்துடும். ஆனா ஏர்கோன் ரூம்ல வச்சிருந்தா கட்டாயம் ராத்திரி ஒருக்கா இலை மேல தெளிக்கணும், காஞ்ச காத்துல தோல் ஒட்டிக்கும்.

சுபாங்_தேவி:
அக்கா, எறும்பு! அத மறக்காதீங்க. உரிச்ச உடனே மெத்துன்னு இருக்குற பூச்சிய எறும்பு மொய்ச்சா அவ்ளோதான். கூண்டு கால தண்ணித் தட்டுல வைங்க, அதுல கொஞ்சம் சோப்புத்தூள் போடுங்க, இல்லன்னா டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு லார்வா வந்து ஆரோக்கிய இலாகாகாரங்க செக் பண்ண வந்தா ஃபைன் போடுவாங்க. அத விட பெரிய பயம் ஃபாகிங். டெங்கிக்குப் புகை அடிக்கிறப்போ கொசுவுக்குப் போடுற மருந்து இதுக்கும் விஷம்தான், நோட்டீஸ் ஒட்டுனா கூண்ட உள் ரூம்க்கு மாத்தி ஜன்னல் கதவெல்லாம் சாத்துங்க, அந்த ஏரியா இலைய நல்லா மழை பெஞ்சு கழுவுற வரைக்கும் பறிக்காதீங்க.

பெரிய பொண்ணு பூச்சிய மகன் மேலேந்து அமுக்கிப் புடிக்கக் கூடாது. பின்னங்காலத் தூக்கி விரிச்சு நிக்கும், முள்ளால கிடுக்கி மாதிரி புடிச்சா ரத்தம் வரும். கைய கீழ வச்சு அதுவா ஏற விடுங்க.

கவி_பினாங்கு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், இன்னைக்கே வலைக் கூடு வாங்கிட்டேன், மேல தொங்குது எல்லாமே. முட்டை போட்டா என்ன செய்றது? ஆண் இல்லாமலே குஞ்சு பொரிக்கும்னு மகன் எங்கயோ படிச்சானாம்.

தெலோக்பஹாங்_ரவி:
அது எல்லா வகைக்கும் சொல்ல முடியாது. உலகம் முழுக்க லேப்ல வளக்கிற கரௌசியஸ் மோரோசஸ்னு ஒரு குச்சிப்பூச்சி வகை, அது பொண்ணு மட்டுமே இருந்து பெருகும். 1901ல மொதல்ல விவரிச்சது கொடைக்கானல் பக்கம் செண்பகனூர்ல கெடச்ச பூச்சியதான், தம்பிக்கு சொல்லுங்க, சந்தோஷப்படுவான். உங்களுதுக்கு ஆண் இருந்தாத்தான் நல்லது, ரெண்டும் வச்சுக்குங்க.

அது முட்டைய மண்ணுக்குள்ள குத்திப் பொதைக்கும், அதனால கூண்டு அடில ஈரமான தேங்கா நார்த்தூளோ மண்ணோ ஒரு விரல் நீளத்துக்குக் கொட்டணும். எடம் கெடைக்கலன்னா கண்ட எடத்துல போட்டு வைக்கும். பொரிக்க ஏழு மாசமும் ஆகும், ஒரு வருஷம் தாண்டியும் ஆகும், மண்ணு காஞ்சிடாமயும் ஊறிடாமயும் பாத்துக்குங்க, செத்துப் போச்சுன்னு நெனச்சு தூக்கிப் போட்டுடாதீங்க. பையனக் கூட்டிக்கிட்டு தெலோக் பஹாங்ல என்டோபியாவுக்கு ஒரு தடவ போங்க, 1986ல வண்ணத்துப்பூச்சிப் பண்ணையா ஆரம்பிச்ச அதே எடம்தான், பெரிய பொண்ணு பூச்சிய நேர்லயே பாக்கலாம். பக்கத்துல இருக்குற தேசியப் பூங்காவுலேந்து மட்டும் எதையும் புடிச்சுக்கிட்டு வரக் கூடாது.