பகாவெண்போலி: ஒரு சொல் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

பகா எண்ணைக் கண்டறியும் ஒரு சோதனையில் தேறிவிடும் பகு எண்ணை ஆங்கிலத்தில் ஸூடோபிரைம் (pseudoprime) என்பர். அதற்கு இதுவரை முன்வைக்கப்பட்ட ‘போலிப் பகா எண்’, ‘பொய்ப் பகா எண்’ ஆகிய இரண்டிலும் எனக்கு ஒரே தயக்கம்தான்: இரண்டும் ‘பகா எண்’ என்று முடிகின்றன, ஆனால் சுட்டப்படுவதோ பகு எண்.

4294967297-ஐ எடுத்துக்கொள்வோம். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் வரும் இவ்வெண்ணைப் பகா எண் என்றே ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் இதற்கு 641 ஒரு காரணி என்று காட்டினார் (மற்றது 6700417). இருந்தும், ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைக் கொண்டு 2-ஐ அடிமானமாக வைத்துச் சோதித்தால் இது தேறிவிடுகிறது. ஓர் எண் பகா எண்ணானால், அதனால் வகுபடாத எந்த அடிமானத்தையும் அவ்வெண்ணைவிட 1 குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அவ்வெண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும் என்பதே அத்தேற்றம். 2-இன் 32-ஆம் அடுக்கை இவ்வெண்ணால் வகுக்கும்போது மீதியை −1 எனக் கொள்ளலாம். எனவே 64-ஆம் அடுக்குக்கு மீதி 1. சோதனைக்குரிய அடுக்கான 4294967296 என்பது 64-இன் மடங்கு என்பதால் அங்கும் மீதி 1. கையால் சரிபார்க்க விரும்புவோருக்கு 341 (11 × 31) வசதியானது: 2-இன் 10-ஆம் அடுக்கான 1024 என்பது 341-இன் மும்மடங்கைவிட 1 கூடுதல், 340 என்பது 10-இன் மடங்கு, அவ்வளவுதான். அடிமானத்தை 3 என மாற்றினால் மீதி 56 வந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதில் பொய் எதுவும் இல்லை. போலச் செய்தல்தான் உண்டு. போலிச் சான்றிதழ், போலி மருத்துவர் என்று கேட்டுப் பழகிய காதுக்குப் ‘போலி’ மோசடியாக ஒலித்தாலும், இலக்கணப்போலி என்னும்போது நாம் யாரையும் பழிப்பதில்லை. இலக்கணம் இல்லாமலே இலக்கணமுடையதுபோல ஏற்கப்படுவதற்கு அங்கே அது பெயர். ஆகவே ‘போலி’ சொல்லின் இறுதியில் நிற்பதே முறை.

முதலில் ‘பகாப்போலி’ என்றே எழுதிவைத்திருந்தேன். பகாப்பதம் என்றால் பகுக்க முடியாத பதம் என்பது நினைவுக்கு வந்தபின் அதைக் கைவிட்டேன். பகாத போலி என்று படிக்க இடம் கொடுத்தால் பொருளே தலைகீழாகிவிடும். ‘பகாவெண்போலி’யில் அந்தச் சிக்கல் இல்லை. மண் + குடம் மட்குடம் ஆவதுபோல இதையும் ‘பகாவெட்போலி’ ஆக்க வேண்டும் என்று எவரும் வற்புறுத்த மாட்டார்கள் என நம்புகிறேன். எண்கணிதத்தை நாம் அப்படித் திரிப்பதில்லை. அடைகளும் இயல்பாகச் சேர்கின்றன: 341 ஒரு 2-அடிமானப் பகாவெண்போலி. இலங்கைப் பாடநூல் வழக்கில் பகா எண்ணை முதன்மை எண் என்பதால், அங்கே ‘முதன்மையெண்போலி’ என்று அமைத்துக்கொள்ளலாம்.

தன்னோடு பொதுக் காரணி இல்லாத எல்லா அடிமானங்களிலும் தேறும் 561, இராமானுஜன் பெயரோடு வழங்கும் 1729 (7 × 13 × 19) போன்றவற்றுக்குத் தனிச்சொல் தேட வேண்டியதில்லை; கார்மைக்கேல் எண் என்றே இருக்கட்டும்.