நிலத்தடி நீரில் சல்பேட் 2,400: எஸ்ஆர்சி (சல்பேட்டைத் தாங்கும்) சிமென்ட் கட்டாயமா?

கேள்வி (அடிமானம்):
அஸ்திவாரக் குழியில் ஊறும் தண்ணீரில் சல்பேட் லிட்டருக்கு 2,400 மி.கி. என்று அறிக்கை வந்திருக்கிறது. கைவசம் இருப்பது சி3ஏ (சல்பேட்டோடு வினைபுரியும் அலுமினேட் சேர்மம்) 9% உள்ள ஓபிசி (சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்). கனமீட்டருக்கு 350 கிலோ சிமென்ட், 175 லிட்டர் தண்ணீர். எஸ்ஆர்சிக்கு மாறியே ஆக வேண்டுமா, சிமென்டைக் கூட்டினால் போதாதா?

கலவைக்கணக்கு:
வெறுமனே சிமென்டைக் கூட்டினால் சி3ஏ-யும் கூடவே ஏறும். முதலில் அறிக்கையைப் பாருங்கள்: 2,400 என்பது எஸ்ஓ4 (சல்பேட் அயனி) ஆகவா, எஸ்ஓ3 (சல்பர் டிரையாக்சைடு) ஆகவா? எஸ்ஓ3 என்றால் 1.2-ஆல் பெருக்க வேண்டும், 2,880 ஆகிவிடும். எதுவானாலும் அமெரிக்கக் கான்கிரீட் விதிநூலான ஏசிஐ 318-ன்படி எஸ்2 என்னும் கடுமை வகுப்புதான் (நீரில் எஸ்ஓ4 1,500–10,000). அதற்கு நீர்-சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. உங்களுடையது 0.50. சிமென்ட் வகைக்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது இதுதான். தண்ணீர் கூடினால் நுண்துளைகளும் கூடும்; அவற்றின் வழியே சல்பேட் உள்ளே ஊடுருவினால்தானே அலுமினேட்டோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் படிகம் உண்டாகி, கான்கிரீட் உப்பி வெடிப்பு விடும்?

சாம்பல்:
எஸ்ஆர்சி (சி3ஏ 5%-க்குள்) கிடைத்தால் நேர்வழி. கிடைக்காவிட்டால் கால்சியம் குறைந்த எஃப் வகை ஃப்ளை ஆஷ் (அனல் மின்நிலையச் சாம்பல்) 30% சேருங்கள். சிமென்ட் 280, ஃப்ளை ஆஷ் 120, தண்ணீர் 168 லிட்டர் என்று தொடங்கினால், இரண்டையும் கூட்டிய 400 கிலோவுக்கு விகிதம் 0.42. இளக்கம் போதவில்லை என்றால் தண்ணீர் கூட்டாமலே இளக்கும் சூப்பர்பிளாஸ்டிசைசர் சேருங்கள். கான்கிரீட் வண்டி வந்தபின் தண்ணீர் ஊற்றினால் போட்ட கணக்கெல்லாம் வீண். சிமென்டிலிருந்து வெளிப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடை ஃப்ளை ஆஷ் எடுத்துக்கொள்வதால், சல்பேட்டால் ஜிப்சம் உருவாவதும் குறையும். கால்சியம் மிகுந்த சி வகையைத் தொடாதீர்கள், நிலைமை இன்னும் மோசமாகலாம். உறுதிசெய்ய ஏஎஸ்டிஎம் சி1012 என்ற சோதனை: சாந்துப் பட்டைகளை 5% சோடியம் சல்பேட் கரைசலில் ஊறவைத்து அளப்பது. எஸ்2-க்கு 6 மாதத்தில் விரிவு 0.05%-க்குள் இருக்க வேண்டும். எனவே அதை இப்போதே தொடங்குங்கள்.

அடிமானம்:
அதே தண்ணீரில் மெக்னீசியமும் குளோரைடும் நிறைய இருக்கின்றனவே?

கலவைக்கணக்கு:
அப்படியானால் எஸ்ஆர்சியை மட்டும் நம்பாதீர்கள். சி3ஏ குறைந்தால் குளோரைடைப் பிடித்துவைக்கும் திறனும் குறைகிறது, கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். சல்பேட்டும் குளோரைடும் சேர்ந்த இடத்தில் 50%-க்கு மேல் ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்த சிமென்ட் பொருத்தம். மெக்னீசியம் சல்பேட் சங்கதியே வேறு: சிமென்டின் பிணைப்பான சி-எஸ்-எச்சையே அரித்து மாவாக்கும். அங்கே சி3ஏ குறைவு அதிகம் உதவாது. அடர்த்தியான கான்கிரீட்டும் வெளிப்புறத் தார்ப்பூச்சும்தான் காப்பு. கால்சியம் குளோரைடு உள்ள ஆக்சிலரேட்டர் (சீக்கிரம் இறுகவைக்கும் சேர்மானம்) கூடவே கூடாது.

சாம்பல்:
க்யூரிங்கை (ஈரப்பதத்தில் வைத்து இறுகவிடுவதை) 14 நாளாவது விடாமல் செய்யுங்கள், நல்ல தண்ணீரில். அதுவரை குழியில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருங்கள். தரைமட்டத்துக்குச் சற்று மேலே தூண் மாறி மாறி நனைந்து உலரும் பட்டையையும் கவனியுங்கள். அங்கே உப்பு படிகமாகி மேல்தோல் உரியும். எந்த சிமென்டும் அதைத் தடுக்காது. தார்ப்பூச்சை அந்தப் பட்டைவரை ஏற்றுங்கள்.