ஜார்ஜியா வைனைச் சுவைக்க யோசனை வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பி ஜார்ஜியா நாட்டின் கக்கேத்தி வட்டாரத்திலிருந்து மூன்று போத்தல் வைன் கொண்டு வந்திருக்கிறான். சனிக்கிழமை நண்பர்களோடு சுவைக்கப் போகிறோம்.

ஒன்று ர்காட்சிதெலி. வெள்ளைத் திராட்சைதான், ஆனால் நிறம் தேன் மாதிரி. தோல், விதையோடு சாற்றை, மண்ணுக்குள் புதைத்த க்வேவ்ரி என்ற பெரிய தாழியில் மாதக்கணக்கில் ஊற விடுவார்கள். 2013-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்த முறை இது. பொறுக்க முடியாமல் நேற்றே திறந்து ஒரு மிடறு குடித்தேன். சீனி போடாத கட்டித் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) போல நாக்கைப் பிடித்தது. அவ்வளவு பிடித்துவிட்டது! மற்ற இரண்டும் சப்பெராவித் திராட்சையில் செய்த சிவப்பு வைன். ஒன்று இனிப்பில்லாதது, இன்னொன்று இனிப்புள்ள கிண்ட்ஸ்மராவுலி.

திறந்த போத்தலைத் தக்கையால் மூடி ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைவரை தாங்குமா? நம் ஊர் வெக்கைக்குச் சிவப்பையும் கொஞ்சம் குளிர வைக்கலாமா? இனிப்பானதைக் கடைசியில் வைப்பது சரிதானே? அப்புறம், அம்மா ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்கிறார். காரத்தோடு சேர்ந்தால் துவர்ப்பு கூடிவிடுமோ என்று பயம். காரத்தைக் குறைக்கச் சொல்லவா? சுவைத்தவர்கள் சொல்லுங்கள்.