வெட்கம், வணக்கம், நடுவுல: நாய்க்கு வித்தை பழக்கும்போது கண்டவை (சிங்கப்பூரில் நாய் வளர்ப்பவர்கள் புனைபெயரில் எழுதியவை)

வாலாட்டி, தெம்பனிஸ்

முன்னங்காலைத் தூக்கி மூக்கை மூடிக்கொள்ளும் ‘வெட்கம்’ பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். பாதியிலேயே கைவிடப்படுவதும் இந்த வித்தைதான். அது எங்கே கெடுகிறது என்பதை எழுதுகிறேன்.

பரவலான வழி இது. மஞ்சள் ஒட்டுத்தாளில் 2 சென்டிமீட்டர் துண்டு கிழித்து, மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே மேல்பக்கத்தில் லேசாக ஒட்டுவார்கள். நாய் அதைத் தட்டிவிடக் காலைத் தூக்கும். கால் மூக்கைத் தொடும் அந்த நொடியில் கிளிக்கரை அழுத்த வேண்டும். கிளிக்கர் என்பது ‘டிக்’ என்று ஒலிக்கும் சிறு கருவி. செய்தது சரி என்று நாய்க்குச் சொல்வது அந்த ஒலிதான், அதன் பின்னால் ட்ரீட், அதாவது ஒரு துண்டுத் தீனி, வரும். கால் கீழே இறங்கிய பிறகு அழுத்தினால், காலை இறக்குவதற்குத்தான் கூலி கிடைக்கிறது என்று நாய் புரிந்துகொள்ளும். அரை நொடி தாமதமே போதும், வித்தை கெட்டுவிடும். செல்லோடேப் கூடவே கூடாது, முடியை இழுக்கும். மீசை முடிமேல் தாள் படக்கூடாது.

தாளை ஐந்து முறைக்கு மேல் நம்பாதீர்கள். ஆறாவது முறை, ஒட்டுவதுபோல் அந்த இடத்தை விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுங்கள். பல நாய்கள் அதற்கே காலைத் தூக்கிவிடும். ட்ரீட்டை மூக்குக்குக் கீழே, நெஞ்சை ஒட்டிக் கொடுங்கள். உயரத்தில் நீட்டினால் தலை மேலே போகும், கால் நழுவும். படுத்தபடி காலைத் தூக்காமல் முகத்தைத் தரையில் தேய்க்கும் நாயை உட்கார வைத்துத் தொடங்குங்கள். தரை எட்டாதபோது கால் தானாக வரும்.

கொட்டாவி, யீஷூன்

மேலே சொன்னது பூடில், மால்டீஸ் போன்ற நாய்களுக்குச் சரி. உள்ளூர் நாய்களை வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் தத்தெடுக்க வழிசெய்யும் அடோர் திட்டம் 2012இல் தொடங்கியது. அதற்குப் பிறகு அந்த வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கும் உள்ளூர்க் கலப்பின நாய்களில் பல தெருவில் பிறந்தவை. முகத்தில் எதையாவது ஒட்டினால் அவை உறைந்து நின்றுவிடும், காது பின்னால் போகும், உதட்டை நக்கும். அப்படி நிற்பதைப் ‘பொறுமையாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பயம்.

இவற்றுக்கு ஒட்டுத்தாள் இல்லாத வழி உண்டு. முதலில் உங்கள் உள்ளங்கையைக் காலால் தொடப் பழக்குங்கள். கை தரைக்கு 10 சென்டிமீட்டர் மேலே இருந்தால் போதும். பத்துக்கு எட்டு முறை தொட்டால், கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மூக்கின் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். வலது காலைப் பழக்கினால் கை மூக்கின் இடப்பக்கம் இருக்க வேண்டும். கையை எட்டுவதற்காகக் கால் மூக்கைத் தாண்டி வரும்போது மூக்கின்மேல் உரசும். அந்த உரசலைத்தான் கிளிக் செய்கிறோம். அதன் பிறகு கையை ஒவ்வொரு அங்குலமாகப் பின்னுக்கு எடுங்கள். ஒட்டுத்தாளைவிட நாள் அதிகம் பிடிக்கும், ஆனால் நாய் ஒரு முறைகூட முகத்தைத் திருப்பாது.

இன்னொன்று: நாய்க்கு மேலே குனிந்து நிற்காதீர்கள். பக்கவாட்டில், தரையில் உட்காருங்கள்.

புதுக்கயிறு, செங்காங்

கிளிக்கர் சத்தத்துக்கே ஓடிக் கட்டிலுக்கடியில் ஒளியும் நாய்க்கு என்ன செய்வது?

கொட்டாவி, யீஷூன்

கிளிக்கரைக் காலுறைக்குள் போட்டு முதுகுக்குப் பின்னால் வைத்து அழுத்துங்கள். அதுவும் அதிகமென்றால் பால்பாயிண்ட் பேனாவின் டிக் போதும். சத்தம் வந்ததும் ஒரு துண்டு, இப்படி 10 முதல் 15 முறை. அந்தச் சமயத்தில் நாயிடம் வேறு எதையும் கேட்கக் கூடாது. சத்தம் கேட்டதும் தலை உங்கள் பக்கம் திரும்பினால், அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் ஏறிவிட்டது.

மூன்று மொழி வீடு, ஜூரோங் வெஸ்ட்

கிளிக்கர் இல்லாமல் வாயால் சொல்பவர்களுக்கு ஒன்று. தமிழ் வீட்டில் ‘சரி’யை மட்டும் குறிச்சொல்லாக வைக்காதீர்கள். தொலைபேசியில் ஒரு மணி நேரத்தில் எத்தனை ‘சரி’ சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ட்ரீட் வராத ‘சரி’ ஒவ்வொன்றும் அந்தச் சொல்லைத் தேய்க்கிறது. ‘வா’, ‘போ’வும் அப்படித்தான். வேறு எங்கும் பயன்படாத, ஒரே அசையில் முடியும் ‘டப்’ போன்ற ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறி ஒலி புது மோகம் ஒன்றும் இல்லை. உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி 1940களிலேயே விலங்குப் பயிற்சிக்குக் கிளிக்கரைப் பயன்படுத்தினார்கள்.

அடுத்தது கட்டளைச் சொல். பாட்டி ‘உக்காரு’ என்பார், பிள்ளைகள் ‘சிட்’ என்பார்கள், இந்தோனேசியப் பணிப்பெண் ‘டுடுக்’ என்பார். நாய் மூன்றையும் கற்கும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு சொல் உறுதியான பிறகு இந்த வரிசையில் போங்கள்: புதுச் சொல், ஒரு நொடி இடைவெளி, பழைய சொல், நாய் செய்ததும் ட்ரீட். புதுச் சொல் முன்னால் வர வேண்டும். இரண்டையும் ஒட்டிச் சொன்னால் நாய் தெரிந்ததை மட்டுமே கேட்கும். கை சைகையும் அப்படியே. சொல்லும் சைகையும் ஒரே நேரத்தில் போனால் நாய் கையைத்தான் பார்க்கும், சொல் காற்றில் போய்விடும்.

அதனால் வித்தைகளுக்கு முதலில் சைகையை முடிவு செய்யுங்கள். வீட்டில் எல்லோருக்கும் பொதுவான மொழி அதுதான்.

அரைப்பட்டாணி, பிடோக்

ட்ரீட்டின் அளவு பற்றி யாரும் எழுதவில்லை. ஒரு துண்டு அரைப்பட்டாணி அளவு, அவ்வளவுதான். தேக்கா சந்தையிலோ வீட்டருகிலோ வாங்கிய கோழி நெஞ்சைத் தோல் நீக்கி, உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து நறுக்குங்கள். ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரீட் போகக்கூடாது. 5 கிலோ நாய்க்கு அது ஏறத்தாழ 20 கிராம் கோழி. வீட்டிலேயே சுருண்டு கிடக்கும் நாய்க்கு இன்னும் குறைவு. சிறு பொட்டலங்களாக உறைய வைத்து, வேண்டியதை மட்டும் எடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்ததைக் கொட்டிவிடுங்கள். தீபாவளி சமயத்தில் கேசரி, பாயசத்தில் இருக்கும் உலர் திராட்சை நாய்க்கு நஞ்சு. விருந்தாளிகளிடமும் சொல்லி வையுங்கள்.

எண்ணிப் போடுவதில் இன்னொரு பலனும் உண்டு. கிண்ணத்தில் பத்துத் துண்டு வைத்துக்கொண்டு பத்து முயற்சி. எட்டு சரியாக வந்தால் அடுத்த படி. ஐந்தோ அதற்குக் கீழோ வந்தால் ஒரு படி பின்னால். நடுவில் வந்தால் அதே படியில் இன்னொரு கிண்ணம். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நாய்க்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்துங்கள்.

பத்தாம் மாடி, தோ பாயோ

சிங்கப்பூரில் வித்தைகளிலேயே அதிகம் பயன்படுவது ‘நடுவுல’. நாய் பின்னாலிருந்து வந்து நம் இரண்டு கால்களுக்கு நடுவே நிற்கும். லிஃப்டில் நாய்க்குப் பயப்படுபவரோ, நாய் மேலே படக்கூடாது என்று நினைப்பவரோ ஏறினால், ஒரே சொல்லில் நாய் அவர் எட்டாத இடத்துக்கு வந்துவிடும்.

தோளகலத்துக்குக் கால் விரித்து நில்லுங்கள். ஒரு துண்டைப் பின்னால் வீசுங்கள். நாய் தின்றுவிட்டுத் திரும்பும்போது, காலிடுக்கு வழியே முன்னிருந்து கையைத் தாழ்த்திக் காட்டுங்கள். தலை முட்டிகளுக்கு நடுவே வந்ததும் கிளிக். ட்ரீட்டை அங்கேயே, நாயின் வாய் உயரத்தில் கொடுங்கள். ஒரு சாண் முன்னால் நீட்டினாலும் நாய் முழுக்க வெளியே வந்துவிடும். ‘நிற்கவே மாட்டேங்குது’ என்பவர்கள் தங்கள் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த துண்டை மறுபடி பின்னால் வீசுங்கள். முன்னால் வீசினால் நாய் முன்பக்கமாகவே நுழையக் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, நான்காவது முறையிலேயே காட்டும் கையில் உணவு இருக்கக் கூடாது. அதே அசைவு, வெறும் கை. ட்ரீட் மற்ற கையிலிருந்து வரட்டும். இதைத் தள்ளிப்போட்டால் உணவு தெரியாதபோது நாய் அசையாது. சிறு நாய்கள் மிதிபடப் பயப்படும். செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் இருபது முறை பாதத்தை அசைக்காதீர்கள். பிறகு எடையை மாற்றி நில்லுங்கள், பிறகு ஓர் அடி. லிஃப்டுக்கு முன் வீட்டு வாசல், அப்புறம் தாழ்வாரம், கடைசியாக ஆளில்லாத லிஃப்ட். வாரைக் காலில் சுற்ற விடாதீர்கள். நாய் பின்னால் போகும்போதே காலிடுக்கு வழியாக முன்னால் கைமாற்றிக்கொள்ளுங்கள்.

வாலாட்டி, தெம்பனிஸ்

‘நடுவுல’ வந்த நாய்க்கு ‘வணக்கம்’ எளிது. பின்பாகம் உயர்ந்திருக்க, முன்பாகத்தை மட்டும் தாழ்த்திக் குனிவதுதான் அது. நிற்கும் நாயின் மூக்கிலிருந்து ட்ரீட்டைச் சாய்வாக முன்கால்களுக்கு நடுவே தரைக்கு இறக்குங்கள். முழங்கை மடங்கத் தொடங்கியதும் கிளிக். தரையைத் தொடும்வரை காத்திருந்தால் பின்பாகமும் சேர்ந்து படுத்துவிடும். ட்ரீட்டைத் தரையில் கொடுக்காமல் சற்றுத் தள்ளி வீசுங்கள், எழுந்து நின்றால்தான் கிடைக்கும். முழங்கையை ஐந்தாறு நாளில் மெல்லத் தரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

ஓடு பதித்த தரையில் எதையும் பழக்காதீர்கள், யோகா பாயை விரியுங்கள். வழுக்கிய ஒரு முறைக்குப் பிறகு சில நாய்கள் அந்த வித்தையையே மறுத்துவிடும். டாக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்புச் சிக்கல் வரும் வாய்ப்பு அதிகம். பின்னங்காலில் நிற்பது, குதிப்பது அதற்கு வேண்டவே வேண்டாம். தட்டை முகம் கொண்ட பக் நாய்க்கு மூச்சுத் திணறும், அதனால் அரைக் கிண்ணமே, அதாவது ஐந்து முயற்சியே போதும். குளிரூட்டி ஓடும் அறையில், மாலை நடை முடிந்து மூச்சிரைப்பு அடங்கிய பிறகு தொடங்குங்கள்.